பிடிஎஃப் திறந்ததும் ரீடர் தானாக மூடிக்கொண்டால்

மண்டபம்

அன்புள்ள பங்காளிக்கு,

கடிதம் கிடைத்தது. கடையை பஸ் ஸ்டாண்டு பக்கம் மாற்றியது நல்ல காரியம். தடைக்கால நிவாரணத்துக்கு ஆதாரையும் பாஸ்புக்கையும் தூக்கிக்கொண்டு வருகிற கூட்டத்துக்கு தொண்டியில் அந்தப் பழைய சந்து பத்தவே பத்தாது. இங்கே 2022 டிசம்பரில் நின்ற ரயில், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு மறுபடி தீவுக்குள் போகிறது. ஒரு தடவை குடும்பத்தோடு வந்து போ.

நீ கேட்டதற்கு வருகிறேன். "நான் எதையும் இன்ஸ்டால் பண்ணலையே, கஸ்டமர் வாட்ஸ்அப்பில் அனுப்புற பிடிஎஃப்பைத் திறந்து பிரிண்ட் மட்டும்தானே போடுறேன், அதுக்கே மெஷின் போயிடுமா?" என்று எழுதியிருந்தாய். போகலாம். ஒரு பிடிஎஃப் உள்ளே எழுத்துரு இருக்கும், நான்கைந்து விதப் படச் சுருக்கம் இருக்கும், படிவம் இருக்கும், சிலதில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலே இருக்கும். ஒவ்வொன்றையும் பிரித்துப் படிக்க ரீடருக்குள், அதாவது பிடிஎஃப்பைத் திறக்கிற அடோபி ரீடர் போன்ற மென்பொருளுக்குள், தனித்தனிப் பகுதி உண்டு. பெரும்பாலானவை சி, சி++ மொழிகளில், பல வருடங்களுக்கு முன் எழுதியவை. அந்த மொழிகளில் ஒதுக்கிய மெமரி எவ்வளவு, எழுதுவது எவ்வளவு என்று நிரலாளர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓர் இடத்தில் அவர் பார்க்காமல் விட்டால், ஃபைல் சொல்கிற அளவை நம்பி ரீடர் அடுத்தவன் இடத்திலும் எழுதிவிடும்.

எழுத்துருவை எடுத்துக்கொள். நம் பக்கத்து பிடிஎஃப்பில் இது மற்ற ஊரைவிட அதிகம். பழைய அரசாணையும் சங்கத் தீர்மானமும் வானவில், பாமினி என்று யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்தவை. திறக்கிற மெஷினில் அது இருக்காது என்பதால் எழுத்துருவையே ஃபைலுக்குள் பொதிந்து அனுப்புவார்கள். ஆகவே நீ திறக்கிற இப்படிப்பட்ட ஒவ்வொரு தமிழ் ஃபைலிலும் யாரோ பொதிந்த எழுத்துருவை ரீடர் அலசித்தான் ஆக வேண்டும். 2010 செப்டம்பரில் வெளிவந்த சிவிஇ-2010-2883 அந்த வழியில் வந்ததுதான் (சிவிஇ என்பது வெளியே தெரிந்த பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கிற அடையாள எண்). எழுத்துருவுக்குள் 'சிங்' என்றொரு அட்டவணை, அதில் பெயருக்கு 28 பைட் இடம். அடோபியின் கூல்டைப் என்ற பகுதி, பெயர் எவ்வளவு நீளம் என்று பார்க்காமல் அதை ஸ்டாக்கில், அதாவது நிரல் அடுத்து எங்கே போக வேண்டும் என்ற முகவரிகளும் இருக்கிற மெமரிப் பகுதியில், ஒட்டியது. நீளமான பெயர் வைத்த எழுத்துரு, ஸ்டாக்கில் அடுத்திருந்த முகவரிகளை அழித்து, தான் விரும்பிய இடத்துக்கு நிரலின் ஓட்டத்தைத் திருப்பியது. விண்டோஸ் மெமரி முகவரிகளை ஒவ்வொரு தடவையும் கலைத்துப் போடும் பாதுகாப்பு அப்போதே இருந்தது. ஆனால் ரீடரோடு வந்த ஒரே ஒரு டிஎல்எல் (துணை நிரல் ஃபைல்) அந்தப் பாதுகாப்பு இல்லாமல் கம்பைல் ஆகியிருந்தது, எப்போதும் ஒரே முகவரியில் உட்காரும். அது ஒன்றே போதுமானதாகிவிட்டது.

அடுத்தது ஜேபிக்2. கறுப்பு வெள்ளை ஸ்கேனைச் சுருக்கும் முறை அது. பழைய பத்திரம், கோர்ட் நோட்டீஸ் எல்லாம் பெரும்பாலும் இப்படி வரும். ஒரே மாதிரி தெரிகிற எழுத்துகளை ஒரு தடவை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே திரும்ப ஒட்டுவதுதான் அதன் தந்திரம். இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதே தந்திரத்தால் 2013-இல் ஜெராக்ஸ் கம்பெனியின் சில மெஷின்கள் ஸ்கேன் செய்யும்போது 6-ஐ 8 ஆக்கியது வெளியே வந்தது. சர்வே எண் உள்ள காகிதத்தை ஸ்கேன் பண்ணும்போது தரத்தைக் குறைக்காதே.

இதில் வந்த ஓட்டை ஒரு கூட்டல் கணக்கு. எழுத்துகள் பல பிரிவுகளில் இருக்கும். ரீடர் எல்லாப் பிரிவின் எண்ணிக்கையையும் கூட்டி, அதற்கு இடம் ஒதுக்கி, பிறகு ஒவ்வொன்றாக நகலெடுக்கும். கூட்டல் நடப்பது 32 பிட் எண்ணில். அதில் அடங்கும் பெரிய எண் 4,29,49,67,295. ஃபைலைச் செய்தவன் கூட்டுத்தொகை 4,29,49,67,306 வருகிற மாதிரி அமைத்தால், எண் சுற்றிக்கொண்டு 10 என்று நிற்கும். பத்துக்கு எட்டு பைட் வீதம் 80 பைட் ஒதுக்குவார்கள். நகலெடுக்கும் சுழற்சியோ உண்மையான பிரிவுகளைப் பார்த்து எழுதிக்கொண்டே போகும். 80-ஐத் தாண்டியது எல்லாம் பக்கத்து மெமரியில் விழும்.

2021-இல் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் ஐபோனுக்குள் நுழைந்தது இந்த வழியில்தான், சிவிஇ-2021-30860. மெசேஜில் கிஃப் படம் மாதிரி பெயர் வைத்து வந்தது, உள்ளே பிடிஎஃப். யாரும் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. செப்டம்பர் 13 அன்று ஐஓஎஸ் 14.8-இல் ஆப்பிள் அடைத்தது. ஆனால் இந்தக் கூட்டல் பிழை இருந்த நிரல் முதலில் எக்ஸ்பிடிஎஃப் என்ற திறந்த மென்பொருளுடையது. அதே வம்சத்தில் வந்த பாப்ளரில், அதாவது லினக்ஸில் எவின்ஸும் ஒக்குலரும் பயன்படுத்துகிற நூலகத்தில், 22.08.0 பதிப்பு வரைக்கும் அதே கூட்டல் பிழை இருந்தது. அது 2022 ஆகஸ்ட். ஒரு வருடம்! உன் லினக்ஸ் மெஷினுக்கு வைரஸ் வராது என்று தைரியமாக எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது வகைதான் இப்போதும் அடிக்கடி வருவது. மெமரியை விடுவித்த பிறகும் பயன்படுத்துவது. ராமேஸ்வரம் லாட்ஜில் ஒருவர் அறையைக் காலி செய்துவிட்டார், மாற்றுச் சாவி ரூம்பாயிடமே இருக்கிறது, அறைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ரூம்பாய் பழைய ஆள்தான் உள்ளே என்று நினைத்து, புதியவர் சொல்வதையெல்லாம் கேட்டுச் செய்கிறான். ரீடருக்குள் இதை நடத்திக் காட்டுவது பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட். ஸ்கிரிப்ட் ஒரு படிவக் கட்டத்தையோ குறிப்பையோ அழிக்கும். ரீடரின் இன்னொரு பகுதி அதன் பாயின்ட்டரை, அதாவது அது இருந்த மெமரி முகவரியை, இன்னும் வைத்திருக்கும். உடனே ஸ்கிரிப்ட் அதே அளவில் நிறையத் தரவுகளை உருவாக்கிக் காலியான இடத்தை நிரப்பும். ரீடர் பழைய பாயின்ட்டர் வழியாக ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும்போது ஓட்டம் போவது ஃபைலைச் செய்தவன் அங்கே வைத்த முகவரிக்கு. 2009 டிசம்பரில் சிவிஇ-2009-4324 இப்படித்தான். ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2010 ஜனவரி 12-இல்தான் வந்தது, அதுவரை ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வையுங்கள் என்பதுதான் அடோபி சொன்ன வழிகளில் முக்கியமானது. 2024 செப்டம்பரில் அடைத்த சிவிஇ-2024-41869-உம் இதே வகை. பதினைந்து வருடத்தில் வகை மாறவில்லை.

இனி உன் கடைக்கு. ரீடரில் கன்ட்ரோல் கே அழுத்தினால் பிரிஃபரன்சஸ் வரும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற பிரிவில் 'எனேபிள் அக்ரோபேட் ஜாவாஸ்கிரிப்ட்' டிக்கை எடுத்துவிடு. உன்னிடம் வருகிற நூற்றில் பெரும்பகுதி ஃபைலுக்கு அது தேவையே இல்லை. தேவைப்படுகிற படிவம் வந்தால் மேலே ஒரு பட்டை கேட்கும், அந்த ஃபைலுக்கு மட்டும் அனுமதிக்கலாம். மாற்றிய பிறகு ஓர் ஆதார் ஃபைலைத் திறந்து கையெழுத்துச் சரிபார்ப்பின் பச்சை டிக் முன்போலவே வருகிறதா என்று பார்த்துக்கொள்.

அடுத்து 'செக்யூரிட்டி என்ஹான்ஸ்டு' பிரிவு. 'ப்ரொடெக்டட் மோட்' டிக்கோடு இருக்கிறதா பார். 2010 நவம்பரில் ரீடர் 10-ஓடு வந்த கூண்டு இது. ஓட்டை வழியாக உள்ளே வந்தவனும் குறைந்த உரிமையுள்ள ஒரு ப்ராசஸுக்குள்ளேயே மாட்டிக்கொள்வான். 2013 பிப்ரவரியில் அதையும் உடைத்தார்கள், இரண்டு ஓட்டைகளைச் சேர்த்து. எதிராளிக்கு ஒன்றுக்கு இரண்டு ஓட்டை தேவைப்படுகிற மாதிரி செய்வதே லாபம்தான். பல கடைகளில் இது அணைந்தே கிடக்கிறது. ஏதோ ஒரு நாள் 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன் பிரச்சினை' என்று ஒரு பெட்டி வந்திருக்கும், 'ஆல்வேஸ் ஓபன் வித் ப்ரொடெக்டட் மோட் டிசேபிள்டு' என்பதைப் பையன் கிளிக் பண்ணியிருப்பான். அன்றோடு முடிந்தது.

பதிப்பு எண்ணை ஹெல்ப் மெனுவில் பார். இப்போதைய ரீடரில் முதல் இரண்டு இலக்கம் வருடம். 23 என்று ஆரம்பித்தால் 2023. நீ நடுவில் டீப் ஃப்ரீஸ், அதாவது ரீஸ்டார்ட் ஆனதும் மெஷினைப் பழைய நிலைக்கே திருப்பிவிடும் மென்பொருள், போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். அதுதான் எனக்குக் கவலை. ஃப்ரீஸ் ஆன மெஷினில் பகலில் அப்டேட் இறங்கும், இரவு அணைத்துக் காலையில் போட்டால் பழைய ஓட்டையோடு எழுந்து நிற்கும். மாதம் ஒரு தடவை ஃப்ரீஸை எடுத்து, விண்டோஸையும் ரீடரையும் பிரவுசரையும் அப்டேட் செய்து, ரீஸ்டார்ட் போட்டு, பிறகு ஃப்ரீஸ் பண்ணு. கிராக் போட்ட அக்ரோபேட் ஏதாவது மெஷினில் இருந்தால் தூக்கிவிடு, கிராக் செய்பவன் முதலில் வெட்டுவதே அப்டேட் வழியைத்தான்.

பிரிண்ட் போடுவதற்கு மட்டும் என்றால் குரோமிலேயே திற. அதன் பிடிஎஃப் பகுதியிலும் ஓட்டை வரும், ஆனால் அது கூண்டுக்குள் ஓடுகிறது, தானாக அப்டேட் ஆகிறது. ஆதாரின் கையெழுத்துச் சரிபார்ப்பு அதில் வராது, அதற்கு மட்டும் ரீடர். விண்டோஸ் 7 மெஷினில் இந்த யோசனை பலிக்காது. அங்கே குரோம் 109-ஓடு நின்றுவிட்டது.

ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்பாய். பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்பின் உள்ளடக்கம் அதற்குத் தெரியாது, ஆதார் ஃபைல் எல்லாமே பாஸ்வேர்டு போட்டதுதான். எக்ஸ்ப்ளோரரில் பிரிவ்யூ பேன் திறந்திருந்தால் ஆல்ட் பி அழுத்தி மூடு. 2009-இல் வந்த ஜேபிக்2 ஓட்டைக்கு ஃபைலைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை, எக்ஸ்ப்ளோரரில் அதன் சிறுபடம் காட்டப் போனதே போதுமாயிருந்தது.

கடைசியாக, பையனிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. 'ஃபைல் டேமேஜ் ஆகியிருக்கிறது' என்று ரீடர் வாய்விட்டுச் சொன்னால் பயப்பட ஒன்றுமில்லை. பாதி டவுன்லோடில் நின்ற பிடிஎஃப்பில் கடைசியில் இருக்க வேண்டிய அட்டவணை இருக்காது, அதைத்தான் அது சொல்கிறது. எதையும் சொல்லாமல் ரீடரே பட்டென்று மறைந்தால்தான் விஷயம் வேறு. அப்போது 'இந்த மெஷின் சரியில்லை' என்று அதே ஃபைலை அடுத்த மெஷினில் போட்டுப் பார்ப்பார்கள், பிறகு அதற்கடுத்ததில். அதை நிறுத்து. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் லாகைத் திறந்தால் ஈவென்ட் ஐடி 1000 என்று ஒரு பதிவு இருக்கும். அதில் எக்செப்ஷன் கோட் 0005 என்று முடிந்தால் தனக்கில்லாத மெமரியைத் தொட்டிருக்கிறது, 0374 என்றால் ஹீப், அதாவது நிரல் ஓடும்போது கேட்டு வாங்குகிற மெமரி, சிதைந்திருக்கிறது, 0409 என்றால் ஸ்டாக் காவல் பிடித்து நிறுத்தியிருக்கிறது. பெரும்பாலும் மோசமாகச் செய்த ஃபைலாகத்தான் இருக்கும், தாக்குதலாக இருக்காது. ஆனாலும் 0374-உம் 0409-உம் பார்த்தால் அந்த மெஷினின் நெட்டைப் பிடுங்கு, ஃபைலை அழிக்காமல் ஜிப் போட்டு எனக்கு அனுப்பு.

மெஷின்களைப் பிரிக்கும்போது இதைக் கவனி: இ-சேவை லாகின், கைரேகை மெஷின், இறால் கம்பெனிக்காரர்கள் விட்டுப்போகிற டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துக்கான யூஎஸ்பி சாவி), இவை உள்ள மெஷினில் வெளி ஃபைல் திறக்கவே கூடாது. அந்த டோக்கன் செருகியிருக்கும்போது பின் நம்பர் அடித்துவிட்டால், உள்ளே நுழைந்தவன் அவர்கள் பெயரில் கையெழுத்துப் போடலாம். வெளி ஃபைலுக்கு ஓரத்தில் கிடக்கிற அந்த நான்கு ஜிபி மெஷின் போதும், அட்மின் அல்லாத யூசரில் ஓட்டு. மூன்று மெஷினின் ரீடர் பதிப்பு எண்ணையும் எழுதி அனுப்பு, எதை முதலில் தொடுவது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பங்காளி