தரவரிசைச் செய்தி போடும்போது கொஞ்சம் கணக்கும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக நாடுகள் பட்டியலில் இந்தியாவுக்கு இத்தனையாவது இடம் என்ற செய்தி வராத மாதமே இல்லை. ஏறினால் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து, இறங்கினால் உள்பக்கத்தில் 'சரிவு' என்று ஒரு பெட்டி. இரண்டிலும் இடத்தின் எண் இருக்கும். அந்த இடம் எந்த அளவிலிருந்து வந்தது என்பது இருக்காது. புள்ளியியல் பாடம் நடத்துகிறவர்கள் என்ற முறையில் நாங்கள் சொல்ல வருவது, ஒரு தரவரிசையில் இருப்பதிலேயே நோஞ்சான் தகவல் அந்த இட எண்தான் என்பதே.

2025 மே மாதம் ஜப்பானை முந்தி இந்தியா 4-வது பெரிய பொருளாதாரம் ஆகிவிட்டது என்று ஏடுகள் எழுதின. ஆதாரம், சர்வதேச நாணய நிதியம் அந்த ஏப்ரலில் வெளியிட்ட அட்டவணை. அதில் 2025-ஆம் ஆண்டுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தி இந்தியாவுக்கு 4,187.017 பில்லியன் டாலர், ஜப்பானுக்கு 4,186.431 பில்லியன் டாலர். இது கணிப்பு. இந்தியாவைப் பொறுத்தவரை அந்த அட்டவணை 2025 என்று சொல்வது 2025-26 நிதியாண்டை. அட்டவணை வெளியானபோது அந்த ஆண்டு பிறந்து ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

வித்தியாசத்தைப் பாருங்கள்: 58.6 கோடி டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 5,000 கோடி ரூபாய். திருப்பூரின் 2024-25 பின்னலாடை ஏற்றுமதி ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். ஆக, உலகின் 4-வது இடத்துக்கும் 5-வது இடத்துக்கும் நடுவே இருந்தது திருப்பூர் ஒன்றரை மாதம் அனுப்பும் பனியன் சரக்கின் மதிப்பு. டாலர் 85 ரூபாயிலிருந்து ஒன்றரைப் பைசா ஏறினாலே அந்த வித்தியாசம் கரைந்துவிடும். நடந்ததும் அதுதான். அதே நிதியம் அக்டோபரில் இந்தியாவின் வளர்ச்சிக் கணிப்பை 6.2 சதவீதத்திலிருந்து 6.6 ஆகக் கூட்டியது. ஆனால் டாலர் கணக்கில் இந்தியா 4.13 டிரில்லியன், ஜப்பான் 4.28 டிரில்லியன். வளர்ச்சி கூடியது, இடம் இறங்கியது. 2023-ல் ஜப்பானை ஜெர்மனி முந்தியபோதும் பெரும்பங்கு யென்னின் வீழ்ச்சிக்குத்தான். ஏப்ரல் அட்டவணையிலேயே ஒருவருக்கு எவ்வளவு என்ற பத்தியும் உண்டு: இந்தியாவுக்குச் சுமார் 2,880 டாலர், ஜப்பானுக்குச் சுமார் 34,000. அதை யாரும் தலைப்பில் போடவில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன வேண்டுகோள். ஒரு பில்லியன் 100 கோடி, ஒரு டிரில்லியன் லட்சம் கோடி. மொழிபெயர்க்கும் அவசரத்தில் ஒரு சைபர் விடுபட்ட செய்திகள் எல்லா ஏடுகளிலும் வருகின்றன. ஒரு சைபர் போனால் ஒரு நாடே சுருங்கிவிடுகிறது.

டாலர் கணக்கில் 2025-ல் 4, 5 என்று ஊசலாடிய நாடு, வாங்கும் திறன் கணக்கில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து 3-வது. இரண்டுமே சரி, இரண்டையும் கலப்பதுதான் தப்பு. 2017-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய விலை ஒப்பீட்டின்படி, அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருளும் சேவையும் இங்கே 20 ரூபாய் 65 பைசாவுக்குக் கிடைத்தன. சந்தையில் அந்த ஆண்டு டாலர் 65 ரூபாய் 12 பைசா. வீட்டு வாடகை, முடிதிருத்தம், பஸ் டிக்கெட், சாப்பாடு என்று வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட 20.65-தான் பொருத்தம். ஆனால் ஜெர்மனியிலிருந்தோ தைவானிலிருந்தோ நிட்டிங் மெஷின் இறக்குகிறவர் 20.65 கொடுத்து டாலர் வாங்க முடியாது. கச்சா எண்ணெய், ராணுவத் தளவாடம், வெளிக்கடன் எல்லாம் அப்படித்தான். எதை வாங்கும் கணக்கு என்று பார்த்துவிட்டுத்தான் எந்த விகிதம் என்று முடிவு செய்ய வேண்டும்.

நம் பகுதியில் அதிகம் பேசப்படும் ஒப்பீடு வங்கதேசத்தோடுதான். 2020 அக்டோபரில் தனிநபர் உற்பத்தியில் வங்கதேசம் 1,888 டாலர், இந்தியா 1,877 டாலர் என்ற கணிப்பு வந்தபோது பனியன் கம்பெனிகளில் அதுதான் பேச்சு. 11 டாலர் வித்தியாசம். அதுவும் கொரோனா ஊரடங்கில் இந்தியப் பொருளாதாரம் விழுந்த ஆண்டு. பிறகு இந்தியா மறுபடி முன்னே வந்துவிட்டது. அந்தச் செய்தி கால் பத்தி.

ஏற்றுமதி ஒப்பீட்டில் இதைவிடப் பெரிய ஓட்டை இருந்தது. வங்கதேசத்தின் ஏற்றுமதி மேம்பாட்டு முகமை வெளியிட்டுவந்த எண்கள் 1,000 கோடி டாலருக்கு மேல் மிகையானவை என்பது 2024 ஜூலையில் அந்த நாட்டு மத்திய வங்கியின் திருத்தத்தில் தெரியவந்தது. காரணம் திருப்பூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். சிஎம்டி ஆர்டரில், அதாவது துணி வாங்குகிறவருடையது, வெட்டித் தைத்து முடித்துக் கொடுப்பது மட்டும் நம் வேலை என்கிற ஆர்டரில், கூலியைத்தான் ஏற்றுமதி வருமானமாக எழுத வேண்டும். அங்கே துணியின் விலையையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ஏற்றுமதி மண்டலங்களிலிருந்து போன சரக்கு இரண்டு தடவை ஏறியிருக்கிறது. அந்த எண்களை வைத்துத்தான் இங்கே பல கூட்டங்களில் 'அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்' என்று பேசினார்கள். கற்றுக்கொள்ள நிறையவே இருக்கிறது. ஆனால் மிகக் குறைந்த வளர்ச்சி நாடு என்ற தகுதியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அவர்கள் சரக்கு தீர்வை இல்லாமல் நுழைந்தபோது, நம் ஆடைக்கு 9 சதவீதத்துக்கு மேல் தீர்வை இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் திறமையை எடைபோட வேண்டும்.

கணக்குப் போடும் முறை மாறினாலே ஒரு நாடு ராத்திரியோடு ராத்திரியாகப் பெரிய நாடாகிவிடும். நைஜீரியா 2014 ஏப்ரலில் உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டை, அதாவது ஒப்பிட அளவாக எடுத்துக்கொள்ளும் ஆண்டை, 1990-லிருந்து 2010-க்கு மாற்றியது. உற்பத்தி 89 சதவீதம் கூடி, தென்னாப்பிரிக்காவை முந்தி ஆப்பிரிக்காவில் முதலிடம். அந்த வாரத்தில் அங்கே புதிதாக ஒரு ஆலையும் முளைக்கவில்லை. அயர்லாந்து 2015-ல் 26.3 சதவீதம் வளர்ந்ததாகக் கணக்கு வந்ததும் இப்படித்தான்: பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைச் சொத்துகளை அங்கே பதிவு மாற்றியதன் விளைவு. அந்த நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே பிறகு இவற்றைக் கழித்துவிட்டு வேறொரு வருமானக் கணக்கை வெளியிட ஆரம்பித்தது.

சமூகக் குறியீடுகளுக்கு வருவோம். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து ஐ.நா. மேம்பாட்டுத் திட்டம் போடும் மனித மேம்பாட்டுக் குறியீட்டை வாசகரே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம் என்பதை எந்தச் செய்தியும் சொல்வதில்லை. 2025 அறிக்கையில் இந்தியா 193 நாடுகளில் 130; மதிப்பு 0.685. அது வந்த வழி இது. ஆயுள் எதிர்பார்ப்பு 72.0 ஆண்டு, 20-ஐக் கழித்து 65-ஆல் வகுத்தால் 0.800. பள்ளி சேரும் குழந்தைக்கு எதிர்பார்க்கப்படும் கல்வி 12.95 ஆண்டு, 18-ஆல் வகுத்தால் 0.719, 25 வயதுக்கு மேற்பட்டோர் உண்மையில் படித்தது சராசரியாக 6.88 ஆண்டு, 15-ஆல் வகுத்தால் 0.459, இரண்டின் சராசரி 0.589. வருமானம், வாங்கும் திறன் கணக்கில் ஒருவருக்கு 9,047 டாலர். அதை 100-ஆல் வகுத்து மடக்கை (கால்குலேட்டரில் log) எடுத்து, 750-இன் மடக்கையால் வகுத்தால் 0.680. மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுங்கள், ஏறக்குறைய 0.685 வந்துவிடும்.

இப்போது ஒரு சோதனை. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, நாட்டின் தனிநபர் வருமானம் இரட்டிப்பானால் குறியீடு 0.718 ஆகும். வருமானம் அசையாமல், பெரியவர்கள் படித்த சராசரி ஆண்டு மட்டும் 6.88-லிருந்து 10 ஆனால் 0.723. பள்ளிப்படிப்பில் மூன்று ஆண்டு கூடுவது வருமானம் இரட்டிப்பாவதைவிட அதிகம் தூக்குகிறது. ஏனென்றால் வருமானம் மடக்கையில் போகிறது. பணம் சேரச் சேர அதன் எடை குறையும்படிதான் இதை அமைத்திருக்கிறார்கள். 1990-ல் பொருளியலாளர்கள் மஹ்பூப் உல் ஹக்கும் அமர்த்தியா சென்னும் சேர்ந்து இதை உருவாக்கியபோது, வருமானத்தை மட்டும் வைத்து நாடுகளை அளப்பதற்கு மாற்றாகத்தான் கொண்டுவந்தார்கள். இன்னொரு நுணுக்கம்: இன்று பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளை, அந்த 'படித்த ஆண்டு' சராசரிக்குள் நுழைய 25 வயது ஆக வேண்டும். எனவே பள்ளிக்கூடத்தில் இன்று செய்த வேலை அந்த எண்ணில் தெரிய ஏறக்குறைய பத்தாண்டு ஆகும். போன ஆண்டு ஆட்சியைப் புகழவோ திட்டவோ இந்தக் குறியீட்டை இழுப்பது வெறும் மேடைப்பேச்சு.

போன ஆண்டு 134, இந்த ஆண்டு 130, நான்கு இடம் முன்னேற்றம் என்றும் எழுதக் கூடாது. முந்தைய அறிக்கையில் 2022-க்கு அச்சான மதிப்பு 0.644, புதிய அறிக்கை அதே 2022-ஐப் புதிய தரவுகளோடு மறுபடி கணக்கிட்டு 0.676, இடம் 133 என்று சொல்கிறது. இரண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பாதி வித்தியாசம் அல்ல, பெரும்பகுதியே கணக்கு மாற்றத்தால் வந்ததாக இருக்கும். புதிய அறிக்கையின் உள்ளேயே பழைய ஆண்டுகளின் திருத்திய மதிப்பு இருக்கிறது. அதைத்தான் எடுக்க வேண்டும்.

உலகப் பசிக் குறியீட்டுக்கும் இதே விதி. 2023-ல் 125 நாடுகளில் 111, 2024-ல் 127-ல் 105, 2025-ல் 123-ல் 102. ஆண்டுக்கு ஆண்டு பட்டியலின் நீளமே வேறு. பணக்கார நாடுகள் பெரும்பாலும் அதில் சேர்க்கப்படுவதே இல்லை. ஒன்றிய அரசு இதை ஏற்பதில்லை. நான்கு அளவுகளில் மூன்று குழந்தைகள் சம்பந்தப்பட்டவை என்பது அதன் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் உயரத்துக்கேற்ற எடை இல்லாத குழந்தைகள் 18.7 சதவீதம் என்ற எண் அந்த அறிக்கைக்குப் போனது நம் சொந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் தரவுகளிலிருந்துதான். இடத்தை மறுக்கலாம், அந்த எண்ணை மறுப்பது கடினம். உங்கள் செய்தியில் 102 இருந்தது, 18.7 இல்லை.

2025 ஜூலையில் இந்தியா உலகின் 4-வது சமத்துவ நாடு என்று வந்தது, ஜினி கெழு 25.5 என்ற ஆதாரத்தோடு. ஜினி என்பது ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்; குறைந்தால் சமத்துவம் அதிகம். அந்த 25.5 குடும்பங்களின் நுகர்வுச் செலவை வைத்தது. மற்றப் பல நாடுகளுக்கு வருமானத்தை வைத்தது. சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர் சம்பாதிப்பதில் முக்கால்வாசிக்கு மேல் செலவாகிவிடும்; ஆலை முதலாளியின் வருமானத்தில் வீட்டுச் செலவு துளி. செலவை ஒப்பிட்டால் இருவரும் கிட்ட கிட்ட நிற்பார்கள், வருமானத்தை ஒப்பிட்டால் எட்டாத தூரம். போதாததற்குக் கணக்கெடுப்பாளரைப் பெரிய பங்களாவின் வாட்ச்மேன் உள்ளேயே விடமாட்டார். 25.5-ஐச் சொன்ன உலக வங்கிக் குறிப்பிலேயே, வருமானத்துக்கான ஜினி 2004-ல் 52, 2023-ல் 62 என்ற வேறொரு தரவுத்தளத்தின் மதிப்பும் இருந்தது.

வேலையின்மை விகிதத்தை நாடுகளுக்கிடையே ஒப்பிடுவதும் இப்படித்தான் ஏமாற்றும். பல்லடம் பக்கத்து வீட்டுத் தறியில் கூலி இல்லாமல் தார் சுற்றிக் கொடுக்கும் பெண் நம் கணக்கில் வேலையில் இருப்பவர். வேலையில்லாமல் இருப்பதற்கே வசதி வேண்டும். அதனால் பல ஏழை நாடுகளின் வேலையின்மை விகிதம் ஐரோப்பாவைவிடக் குறைவாக இருக்கும்.

தொழில் தொடங்க எளிதான நாடுகள் பட்டியலை மறந்திருக்க மாட்டீர்கள். இந்தியா 142-லிருந்து 63-க்கு ஏறியது. அதில் இந்தியா என்றால் மும்பையும் டெல்லியும் மட்டும்; 47 சதவீதம், 53 சதவீதம் என்று எடை. கோவையில் பவுண்டரி தொடங்குகிறவரும் கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி தொடங்குகிறவரும் எத்தனை நாள் அலைந்தார்கள் என்பது அதில் ஒரு புள்ளிகூட இல்லை. தரவுகளில் முறைகேடு என்று தெரிந்து உலக வங்கி 2021 செப்டம்பரில் அந்தப் பட்டியலையே நிறுத்திவிட்டது. மகிழ்ச்சிப் பட்டியல் பற்றி ஒரு வரி போதும்: நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,000 பேரிடம் கேட்டு, மூன்று ஆண்டுச் சராசரி எடுக்கிறார்கள், நடுவில் இருக்கும் நாடுகளுக்குள் ஐந்தாறு இடம் முன்பின் போவதற்குப் பொருளே கிடையாது.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது மக்கள்தொகை என்ற வகுக்கும் எண். இந்தியாவின் கடைசிக் கணக்கெடுப்பு 2011. அன்று திருப்பூர் மாவட்டத்தில் 24.79 லட்சம் பேர். அதற்குப் பின் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து தைப்பவர்கள் பழைய கணக்கை நீட்டிப் போடும் மதிப்பீட்டில் சரியாக வருவதில்லை; அவர்கள் உழைப்பின் மதிப்பு மாவட்ட உற்பத்தியில் ஏறும், தலை மட்டும் எண்ணப்படாது. தனிநபர் வருமானம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். லக்சம்பர்க் உலகப் பட்டியலின் உச்சியில் நிற்பதற்கும் இது ஒரு காரணம்: பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியத்திலிருந்து தினமும் எல்லை தாண்டி வந்து வேலை செய்யும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் உற்பத்தியில் உண்டு, மக்கள்தொகையில் இல்லை.

இந்தியா என்ற ஒரே சராசரியும் யோசித்துப் பயன்படுத்த வேண்டியது. 2023 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் பீகாரில் 2.8, தமிழ்நாட்டில் 1.3. நாம் ஜெர்மனியின் பக்கத்தில் நிற்கிறோம், வருமானத்தில் அல்ல, பிள்ளைப்பேற்றில். வயதானவர்களுக்கான திட்டங்களைத் தேசிய இடத்தைப் பார்த்துப் போட்டால் இங்கே பொருந்தாது.

தங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு தரவரிசைச் செய்தியின் கீழும் இரண்டு வரி இடம் ஒதுக்குங்கள்: மூல மதிப்பு என்ன, அது எந்த ஆண்டின் தரவு, நடந்ததா கணிப்பா, மொத்தம் எத்தனை நாடுகள், வெளியிட்டது யார், போன ஆண்டின் திருத்திய மதிப்பு என்ன. மேலும் கீழும் உள்ள நாடுகளின் மதிப்பையும் போட்டால் வித்தியாசம் மலையா மடுவா என்று வாசகரே பார்த்துக்கொள்வார். 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பின் எண்கள் வெளிவரும்போது மாவட்டத்துக்கு மாவட்டம் தனிநபர் வருமானம் ஒரே நாளில் ஏறும், இறங்கும். திருப்பூரில் அநேகமாக இறங்கும். அன்றைக்கு 'திருப்பூர் சரிந்தது' என்று தலைப்புப் போடுவதற்கு முன் வகுக்கும் எண்ணை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர்கள் சிலர்,
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.