கூடாரத்து மேலே ஒரு ஆரஞ்சுத் துணி

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போனில் நீ அழாத குறையாகப் பேசினாய். மூணு பெட்டை மான் வந்ததாம், அறுபது கெஜம் தள்ளியே நின்றதாம், ஒன்று முன்னங்காலால் தரையைத் தட்டியதாம், அப்புறம் மூக்கால் ஒரு சீறல், வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு மூணும் ஓட்டம். "நான் அசையவே இல்லைப்பா" என்று மூணு தடவை சொன்னாய். நம்புகிறேன். அசையாமல் உட்கார உனக்குச் சின்ன வயசிலேயே தெரியும். ஆனால் நீ அனுப்பிய போட்டோவை நேற்று கம்ப்யூட்டரில் பெரிசாக்கிப் பார்த்தேன், பார்த்த உடனே புரிந்துவிட்டது. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் தோழி வீட்டுச் சோளக்காட்டு ஓரத்தில், மரங்களுக்குப் பதினைந்து அடி முன்னால், வெட்டவெளியில் உன் பிளைண்ட், மான் வேட்டைக்கு ஒளிந்து உட்காரும் அந்தத் துணிக் கூடாரம், தனியாக நிற்கிறது. காலையில் விரித்து மாலையில் போய் உட்கார்ந்தாய் என்றாய். மான் அந்த ஓரத்தில் தினமும் நடக்கிறது, ஒவ்வொரு புதரும் அதற்கு மனப்பாடம். நம் வீட்டுக் கூடத்தில் ராத்திரியோடு ராத்திரியாக யாராவது ஒரு பீரோவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனால் காலையில் காபி டம்ளரோடு வரும்போது நீ எப்படி நிற்பாயோ, அப்படித்தான் அந்த மூணும் நின்றிருக்கின்றன. துணியில் இலை படம் அச்சடித்திருக்கிறதே என்பதெல்லாம் கடையில் வாங்கும் நமக்குத்தான். மானுக்கு அது நேர்க்கோடாக நிற்கும் ஒரு பெட்டி. காட்டில் நேர்க்கோடு கிடையாது.

இந்த வாரமே அதை எடுத்து மரங்களுக்குள் தள்ளிப் போடு. பின்னால் ஒரு தடித்த மரமோ அடர்ந்த புதரோ இருக்கட்டும், நிழல் விழும் இடமாக இருக்கட்டும். தோழியின் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு, மேய்ச்சல் சரிவில் தானாக முளைத்துக் கிடக்கும் செவ்வகில் மரம், அதுதான் ரெட் சீடர், அதில் நாலைந்து கிளை வெட்டிக்கொள். பச்சை சீக்கிரம் போகாது, வாசனையும் நல்லது. கிளையைத் துணி மேல் சொருகிவிட்டு முடிந்தது என்று நினைக்காதே, எல்லோரும் செய்யும் தப்பு அதுதான். கிளையின் அடியை மண்ணில் ஊன்றி, சாய்த்து, பிளைண்ட்டில் தைத்திருக்கும் நாடாவில் மேல்பகுதியைக் கட்டு. நாலு மூலையையும் கூரை விளிம்பையும்தான் முதலில் உடைக்க வேண்டும், நடுச்சுவர் கொஞ்சம் தெரிந்தாலும் பரவாயில்லை. அடியில் துணிக்கும் தரைக்கும் நடுவே கறுப்புக் கோடு மாதிரி ஒரு இடைவெளி போட்டோவில் தெரிகிறது பார், அங்கே சருகையும் சோளத்தட்டையையும் அணைத்துவிடு. காற்றில் துணி படபடக்காமல் முளையையும் கயிற்றையும் இழுத்துக் கட்டு. கட்டி முடித்ததும் எழுபது எண்பது கெஜம் நடந்துபோய், மான் வரும் பக்கத்தில் குனிந்து, மானின் கண் உயரத்தில் நின்று பார். உன் கண்ணுக்கே "அங்கேதான் இருக்கிறது" என்று சட்டென்று பட்டால் இன்னும் நாலு கிளை வேண்டும்.

இனி ஜன்னல். நாலு பக்கமும் திறந்து வைத்திருக்கிறாய். பின் ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்தால் உன் தலையும் தோளும் திரையில் விழும் பொம்மலாட்டம் மாதிரி முன்னால் தெரியும், நீ கண் சிமிட்டினால்கூட. பின்னாலும் பக்கத்திலும் இறுக்கி மூடு. முன்னால் மட்டும் ஒரு சாண் உயரத்துக்குத் திற, அதுவும் உனக்குச் சுட வேண்டிய திசையில் மட்டும். பெரிய கறுப்புச் சதுரத்தை மான் நம்பாது. நாற்காலியைப் பின்சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டு இருட்டுக்குள் உட்கார். உள்துணி கறுப்பாக இருப்பது சும்மா இல்லை, கிராஸ்போவோடு, அதாவது துப்பாக்கி மாதிரிப் பிடித்து அம்பு எய்யும் வில்லோடு போகும் இந்த நாட்களில் நீயும் உள்ளே கறுப்புச் சட்டைதான் போட வேண்டும். போட்டோவில் நீ போட்டிருக்கும் அந்த நீல ஹூடி வேண்டவே வேண்டாம். மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் மங்கலாகத்தான் தெரியும், நீலம் நம்மைவிட நன்றாகத் தெரியும். பளிச்சென்று வெளுக்கும் என்று விளம்பரம் செய்கிற சோப்புத்தூளில் துவைத்த துணி அதற்கு இன்னும் மின்னும், அதனால் வேட்டைத் துணியைத் தனியாகத் துவை.

உங்கள் வெர்னான் கவுண்டிப் பக்கம் மலையும் மடுவுமாக இருப்பதால் ஒன்று சொல்கிறேன். விஸ்கான்சினின் அந்தத் தென்மேற்கு மூலையைப் பனிப்பாறைகள் மட்டம் தட்டாமல் விட்டுவிட்டுப் போனதால் வந்த அழகு அது, ஆனால் காற்று அங்கே நேராக வீசாது. வெயில் ஏறும்போது பள்ளத்துக் காற்று சூடாகி மேட்டுக்கு ஏறும், சாயங்காலம் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். காலையில் மேட்டில் மான் நிற்க நீ கீழே உட்கார்ந்தால் உன் வாசனை நேராக அதன் மூக்குக்குப் போகும். வானிலைச் செயலி வடமேற்குக் காற்று என்று சொல்லும், அதை மட்டும் நம்பாதே. பையில் ஒரு நூல் துண்டு வைத்துக்கொண்டு அவ்வப்போது விரலில் தூக்கிப் பார். புதுத் துணியின் ரசாயன வாசனையும் போக வேண்டும். ரெண்டு மூணு வாரம் முற்றத்தில் விரித்துக் காயவிட்டிருக்கலாம், இனி அதற்கு நேரமில்லை, காட்டிலேயே காற்றாடட்டும்.

உள்ளே போனதும் முதல் வேலை, தரையில் இருக்கும் சருகு குச்சி எல்லாவற்றையும் மண் தெரியும்வரை ஒதுக்குவது. பூட்ஸோடு நடந்தாலும் சத்தம் வராத தரை வேண்டும். ஜிப்பை ரெண்டு தடவை திறந்து மூடிப் பார், கரகரத்தால் மெழுகைத் தேய். கேஸ் ஹீட்டர் வாங்கலாமா என்று கேட்டாய். அந்த மூடின துணிக்குள் கார்பன் மோனாக்சைடு சேரும், உனக்குத் தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும், அப்புறம் எழுந்திருக்கவே முடியாது. எனக்காக அதை வாங்காதே. காலுக்கு நல்ல கம்பளி உறையும் பிளாஸ்க்கில் சுக்குக் காபியும் போதும்.

ரைபிளோடு உட்காரும்போது இன்னொன்று. குறிபார்க்கும் தொலைநோக்கி, அந்த ஸ்கோப், துப்பாக்கிக் குழாய்க்கு மேலே ஒன்றரை அங்குலம் உயர்ந்து இருக்கிறது. ஸ்கோப்பில் மான் தெளிவாகத் தெரியும், குழாயின் வாய் இன்னும் ஜன்னலுக்குக் கீழே துணியைப் பார்த்துக்கொண்டிருக்கும். எத்தனையோ பேர் தங்கள் பிளைண்ட்டையே சுட்டிருக்கிறார்கள். குண்டு போடாத ரைபிளோடு நாற்காலியில் உட்கார்ந்து, குழாயின் வாய் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறதா என்று பழகிப் பார். காதில் அடைப்பான் கட்டாயம், உள்ளே சத்தம் அறைந்தாற்போல் விழும்.

சரி, இப்போது இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

22ஆம் தேதி சனிக்கிழமை துப்பாக்கி சீசன் தொடங்குகிறது. அந்த ஒன்பது நாளில் பாதி நாள் அரசு நிலத்தில் உட்காரப் போகிறேன் என்றாய். மேலே எழுதியதெல்லாம் மானிடமிருந்து ஒளிவதற்கு. அரசு நிலத்தில் அந்த ஒளிவே ஆபத்து, ஏனென்றால் அங்கே உன்னைத் தெரியாத ஆட்கள் கையில் ரைபிளோடு நடக்கிறார்கள்.

இதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. நீ நாலாம் வகுப்பு படித்த வருஷம், அரசு நிலத்தில், பிளைண்ட்டைக் கீழே விழுந்து கிடந்த கிளைகளாலும் காய்ந்த புல்லாலும் மூடி வைத்திருந்தேன். பத்தடியில் நின்றால்கூட புதர் என்றுதான் நினைப்பார்கள், அவ்வளவு அழகாக. ஆரஞ்சுத் துணி வண்டியில் இருந்தது. மூடிய அழகு கெட்டுவிடும் என்று அதை எடுத்துவரவில்லை. விடிந்து கால் மணி நேரம் இருக்கும். எனக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு இளம் ஆண் மான் வந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே கண்ணைக் கொஞ்சம் தூக்கினேன், ஓடைக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவர் மண்டியிட்டு ரைபிளைத் தோளில் வைத்திருந்தார். எனக்குக் குழாய் தெரியவில்லை பாப்பா. குழாயை நேராகப் பார்த்தால் அது குழாயாகத் தெரியாது, சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். மானுக்குப் பின்னால் இருந்த புதர் நான். "ஆள் இருக்கேன், ஆள் இருக்கேன்" என்று கத்தினேன், தமிழில்தான் வந்தது. மான் தாவி ஓடியது, அவர் ரைபிளை இறக்கினார். ஓடையைத் தாண்டி வந்து என் முன்னால் நின்றபோது அவர் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சுடு என்று நீயும் வகுப்பில் படித்தாய், அவரும் படித்திருப்பார். அவர் பார்த்தார், புதர்தான் தெரிந்தது. அப்படித் தெரியும்படி செய்தவன் நான்.

அரசு நிலத்தில் துப்பாக்கி சீசனில் பிளைண்ட் மேல் எல்லாத் திசையிலிருந்தும் தெரியும்படி குறைந்தது 144 சதுர அங்குலம் பளிச் ஆரஞ்சோ பளிச் பிங்க்கோ இருக்க வேண்டும் என்பது விஸ்கான்சின் சட்டம். ஓரடிக்கு ஓரடி. எனக்கு அது போதாது. கூரைக்கு ஒரு குல்லாய் மாதிரி, நாலு பக்கமும் ஒரு முழம் தொங்கும்படி இருக்கட்டும். மேலே சொன்னேனே, மானின் கண்ணுக்கு அது மங்கல்தான், அதனால் உனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. கிளைகளைத் துணிக்குக் கீழே மட்டும் வை, ஆரஞ்சை எதுவும் மறைக்கக் கூடாது. வாசல் பக்கத்தில் உன் பெயர் விலாசமோ, டிஎன்ஆர் என்கிற மாநில இயற்கை வளத் துறை உனக்குக் கொடுத்த எண்ணோ எழுதித் தொங்கவிடு. உள்ளே உட்கார்ந்திருந்தாலும் மேல்சட்டை ஆரஞ்சுதான், கறுப்புச் சட்டை கதையெல்லாம் அந்த ஒன்பது நாளும் கிடையாது. அரசு நிலத்தில் மரத்திலிருந்து ஒரு கிளைகூட வெட்டாதே, விழுந்ததை மட்டும் எடு.

போன வாரம் அப்பத்தாவிடம் போனில் நீ வேட்டைக்குப் போவதைச் சொன்னேன். அங்கே நம் ஊரில் மானைத் தொட்டால் ஜெயில் என்பதால் முதலில் பதறிவிட்டது. இங்கே லைசென்ஸ் உண்டு, கணக்கு உண்டு, அடித்தால் மறுநாள் சாயங்காலம் 5 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "தாத்தா கடலைக்காட்டுப் பரணில் பன்றி விரட்ட உட்காரும்போது ராத்திரி முழுக்க ஒரு அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டிருப்பார், பக்கத்துக் காட்டுக்காரன் ஆள் இருக்கிறதைத் தெரிஞ்சுக்கட்டும்னு. பிள்ளைகிட்ட விளக்கு இருக்கா?" என்று கேட்டது.

குல்லாயை அம்மா தைத்துக்கொண்டிருக்கிறாள், ஆரஞ்சுத் துணி நாலு கெஜம் வாங்கிக் கொடுத்தேன், எதற்கு இவ்வளவு என்று கேட்டாள், காற்றில் கிழியும் என்று சொல்லிவிட்டேன். 21ஆம் தேதி மதியம் நானே கொண்டுவந்து, பிளைண்ட் மேல் எப்படிக் கட்டுவது என்று காட்டிவிட்டுப் போகிறேன். நீ உட்கார்ந்திருக்கும்போது பனி பெய்தால், அவ்வப்போது கூரை மேல் பனியைக் கையால் தட்டிவிடு. வெள்ளையாக மூடிக்கொண்டால் அந்தத் துணி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வண்டியை நிறுத்தியதும் எனக்கு ஒரு மெசேஜ் போடு. வெளியே வந்ததும் இன்னொன்று.

அப்பா