பிறந்தநாளுக்கும் ஒரு வரம்பு வையுங்கள்: குமரி மாவட்டத் தொடக்கப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகங்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலர், உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பள்ளி திறந்ததும் கூடும் முதல் கூட்டத்தில் சீருடை, வேன், கழிப்பறை என்று பேச உங்களுக்கு நிறைய இருக்கும். அதோடு பிள்ளைகளின் பிறந்தநாள் விழாவையும் ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். வீட்டில் கேக் செய்து கொடுப்பவர்கள், பலகாரம் போடுபவர்கள், அலங்காரம் கட்டுபவர்கள் என நாங்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். விழா பெரிதானால் எங்களுக்கு வரும்படி கூடும். ஆனாலும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கேக்குக்குத் தவணை சொல்லும் நிலைமை நல்லதல்ல.

தனி ஒரு வீட்டால் இந்தச் செலவைக் குறைக்க முடியாது. ஒரு பிள்ளைக்கு ஏசி மண்டபத்தில் நடந்துவிட்டால், அடுத்து வீட்டு முற்றத்தில் நடத்தும் தாய்க்குக் கூச்சம் வந்துவிடும். “எங்க பள்ளியில இவ்வளவுதான் வழக்கம்” என்று சொல்ல ஒரு வாக்கியம் கையில் இருந்தால் அந்தக் கூச்சம் போய்விடும். அந்த வாக்கியத்தை உங்களால்தான் கொடுக்க முடியும். எங்கள் கணக்குப்படி 2,500 ரூபாய் போதும். கேக் இதில் 800 ரூபாயைத் தாண்டக் கூடாது. சந்தை விலை அன்றாடம் மாறும் என்பதால் கீழே விலையைவிட அளவையே எழுதியிருக்கிறோம்.

செலவை ஏற்றுவது பிள்ளைகள் அல்ல, பெரியவர்கள். பிள்ளையின் வயதோடு ஐந்தைக் கூட்டினால் வரும் எண்ணிக்கைக்குமேல் பிள்ளைகளை அழைக்க வேண்டாம். ஏழு வயதுக்குப் பன்னிரண்டு பேர். கூட வரும் பெரியவர்கள் பத்துப் பேர். அறுபது பெரியவர்கள் வந்தால் சாப்பாடு போட வேண்டும், நாற்காலி எடுக்க வேண்டும், ஷாமியானா கட்ட வேண்டும். இதைத் தடுக்க யாரிடமும் முகம் சுளிக்க வேண்டியதில்லை, நேரத்தைச் சரியாகப் போட்டாலே போதும். மாலை 4 மணிக்குத் தொடங்கி 5.45க்கு முடியும் விழாவில் யாரும் சாப்பாட்டை எதிர்பார்க்க மாட்டார்கள். முடியும் நேரத்தையும் அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்: “சனிக்கிழமை மாலை 4 முதல் 5.45 வரை. பலகாரமும் கேக்கும் உண்டு. பரிசு வேண்டாம்.”

சனிக்கிழமை என்பதற்குக் காரணம் உண்டு. ஞாயிறு பலருக்குக் கோயில், உறவினர் வீடு என்று போய்விடும். நம் மாவட்டத்தில் அப்பா வளைகுடாவில் இருந்தபடி வீடியோ அழைப்பில் விழாவைப் பார்க்கும் வீடுகள் ஏராளம். சவுதி, குவைத், கத்தார் நாடுகளில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை, அமீரகத்தில் 2022 முதல் சனியும் ஞாயிறும். இங்கே மாலை 5.30 என்றால் சவுதியிலும் குவைத்திலும் பிற்பகல் 3 மணி, துபாயில் 4 மணி. கூலி வேலையில் இருப்பவர்கள் பலருக்கு வெள்ளி மட்டுமே ஓய்வு. அப்படியானால் பாட்டுப் பாடும் நேரத்துக்கு மட்டும் பத்து நிமிடம் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். போனைக் கையில் பிடித்தால் அப்பாவுக்குத் தெரிவது கூரையும் யாரோ ஒருவர் தோளும்தான். ஸ்டூலில் நாலு பாடப்புத்தகத்தை அடுக்கி, செம்பில் சாய்த்து, பிள்ளையின் முகத்துக்கு நேராக நிறுத்துங்கள். மேசைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டாக விழும்.

அடுத்து சாப்பாடு. பல மதத்தவரும் ஒரே வகுப்பில் படிக்கும் மாவட்டம் இது. கோழி போட்டால் ஹலாலா என்ற கேள்வி, தவக்காலம், விரதம், சைவ வீடு என்று நாலு சிக்கல் வரும். சைவப் பலகாரம் என்றால் ஒன்றுமில்லை, செலவும் பாதி. 22 பேருக்கு 25 பேர் அளவு செய்தால் போதும்.

பழம்பொரிக்கு ஏத்தன் (நேந்திரம்) பழம் பத்து. ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் நீளவாக்கில் மூன்றாகச் சீவினால் 60 துண்டு. மைதா அரைக் கிலோ, அரிசி மாவு ஒரு கைப்பிடி, சீனி இரண்டு மேசைக்கரண்டி, மஞ்சள், உப்பு. தோல் மஞ்சளாகிக் கரும்புள்ளி விழுந்த பழமே சரி. காய்ப்பதமாக இருந்தால் நடுவில் கட்டியாக நிற்கும், அளவுக்கு மீறிக் கனிந்தால் எண்ணெயைக் குடிக்கும். சூடாகப் பாத்திரத்தில் போட்டு மூடிவிடாதீர்கள். ஆவி இறங்கி ஐந்தே நிமிடத்தில் நமத்துவிடும், அகலத் தட்டில் பரப்புங்கள்.

பாயாசத்துக்குச் சிறுபயற்றம்பருப்பு 350 கிராம், வெல்லம் அரைக் கிலோ, தேங்காய் இரண்டு. ஏறக்குறைய மூன்று லிட்டர் வரும், ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர். பருப்பு நன்றாகக் குழைந்த பிறகே வெல்லம் சேர்க்க வேண்டும், முன்னதாகச் சேர்த்தால் அப்புறம் எவ்வளவு கொதித்தாலும் பருப்பு வேகாது. வெல்லத்தில் மண் இருக்கும், கரைத்து வடிகட்டுங்கள். தலைப்பாலை, அதாவது முதலில் பிழிந்த தேங்காய்ப்பாலை, அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள், கொதித்தால் திரியும். காலையிலேயே செய்து வைத்தால் மாலைக்குள் புளித்துவிட வாய்ப்புண்டு, இரண்டு மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் சரியாக இருக்கும்.

எலுமிச்சைச் சாறு ஆறு லிட்டருக்குப் பழம் 15, சீனி முக்கால் கிலோ. சீனியை முதலில் ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள், தண்ணீரை முந்தின நாளே கொதிக்கவைத்து வையுங்கள். தோலை நசுக்கிப் பிழிந்தாலும், மதியமே பிழிந்து வைத்தாலும் கசக்கும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: மீனுக்குப் போடும் பாள ஐஸை வாங்கிச் சாற்றில் போடக் கூடாது. குடிநீரில் செய்ததென்று அதற்கு எந்த உறுதியும் இல்லை. சாற்றுப் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்தாலே குளிர்ந்துவிடும்.

பெரியவர்களுக்கு மரச்சீனி (மரவள்ளி) கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் (துவையல்) பால் சேர்க்காத கட்டன் காப்பியும். பத்துப் பேருக்குத் தோலோடு மூன்று கிலோ. மூடாமல் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும், கிழங்கின் கசப்பும் நஞ்சும் அதில் இறங்கியிருக்கும். பெரியவர்கள் இதற்குத்தான் அதிகம் பாராட்டுவார்கள், கேக் செய்பவர்களுக்கு அதில் சின்ன வருத்தம் உண்டு.

இனி கேக். ஒரு கிலோ கேக் சதுரமாக இருக்கட்டும். ஐந்துக்கு ஐந்தாக வெட்டினால் 25 துண்டு, ஒன்று 40 கிராம். ஏழு வயதுப் பிள்ளை அதற்குமேல் தின்னாது. வட்டக் கேக்கை முக்கோணமாக வெட்டும்போதுதான் ஒருவருக்குக் க்ரீம் ரோஜாவும் இன்னொருவருக்கு வெறும் முனையும் போய்ச் சண்டை வருகிறது. வட்டமாகத்தான் கிடைத்தது என்றால் நேர்வரிசையாகச் சீவி, பிறகு குறுக்கே வெட்டுங்கள். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துத் துடைத்து வெட்டினால் உதிராது. கேக்கின் விலையை ஏற்றுபவை ஃபாண்டன்ட் என்னும் சீனிப் பசையில் செய்த பொம்மையும் போட்டோ அச்சும். பிள்ளைகள் ஃபாண்டன்டை உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவார்கள். விப்பிங் க்ரீம் குளிரில் இருக்கும்வரைதான் நிற்கும். மார்ச் முதல் மே வரை ஒரு மணி நேரம் வெளியே இருந்தாலே பூ சரியத் தொடங்கும். ஸ்கூட்டரில் கொண்டுபோகிறவர்கள் பெட்டியைக் கால் வைக்கும் இடத்தில் படுக்கையாக வையுங்கள். பின்னால் இருப்பவர் கையில் கொடுத்தால் முதல் குழியிலேயே சாய்ந்துவிடும்.

க்ரீமே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வெறும் கேக்கின் மேல் எண் வடிவில் வெட்டிய காகிதத்தை வைத்துப் பொடித்த சீனியைத் தூவி எடுத்தால் பார்க்க நன்றாக இருக்கும். வீட்டிலேயே செய்ய மைதா 250 கிராம், பொடித்த சீனி 200 கிராம், எண்ணெய் 180 மில்லி, முட்டை நான்கு, பால் 100 மில்லி, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி. எட்டு அங்குலத் தட்டு, 180 டிகிரி, 35 முதல் 40 நிமிடம். பேக்கிங் பவுடரில் ஒரு சிட்டிகையை முதலில் வெந்நீரில் போட்டுப் பாருங்கள், நுரைக்காவிட்டால் கேக் எழும்பாது. மாவு சேர்த்த பிறகு கலவையைப் பலமாக அடித்தால் கேக் ரப்பர் போல இழுக்கும். முதல் 25 நிமிடம் ஓவனைத் திறந்தால் நடு இறங்கிவிடும். முட்டை சாப்பிடாத பிள்ளை வருமா, கடலை, முந்திரி ஒவ்வாத பிள்ளை உண்டா என்று இரண்டு நாள் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வாங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண்ணைக் கேளுங்கள், எங்களிடமும் கேளுங்கள்.

மெழுகுவர்த்தியைக் கேக்கில் குத்தாமல் தனியாக ஒரு சின்னத் துண்டில் குத்தினால், எச்சில் தெறிக்காத கேக்கை எல்லாரும் தின்னலாம்.

சில பொருள்களை நீங்கள் வரம்பு என்று சொல்லாமல் தடை என்றே சொல்ல வேண்டும். கேக் வெட்டும்போது அடிக்கும் ஸ்நோ ஸ்ப்ரே முதலாவது. அந்த டப்பாவிலிருந்து நுரையைத் தள்ளும் வாயு பல தயாரிப்புகளில் சமையல் வாயு வகையைச் சேர்ந்தது. எரியும் மெழுகுவர்த்திக்கு மேலே அடித்தால் தலைமுடியிலும் சட்டையிலும் படிந்த நுரையோடு தீப்பிடிக்கும். அடுத்தது பறக்கும் பலூன். ஹீலியம் விலை கூடுதல் என்பதால் பல இடங்களில் ஹைட்ரஜனை அடைக்கிறார்கள், தீ அருகே வந்தால் வெடிக்கும். வாயால் ஊதும் சாதாரண பலூனிலும் ஆபத்து உண்டு. வெடித்த துண்டை எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை வாயில் போட்டு உறிஞ்சினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். பலூன் வெடித்த உடனே துண்டுகளைப் பொறுக்க ஒருவரை நிறுத்துங்கள். அலங்காரத்துக்குத் தைத்த துணித்தோரணமே மேல். தையற்கடை வெட்டுத்துணியில் செய்தால் ஆண்டுக்கணக்கில் வரும்.

தட்டு, டம்ளர் விஷயத்தில் சட்டமே இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் டம்ளரும், தெர்மகோல் தட்டும், உறிஞ்சுகுழலும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பலூனுக்கு வைக்கும் பிளாஸ்டிக் குச்சியும் அலங்காரத் தெர்மகோலும் நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் தடை. கடையில் கிடைக்கிறது என்பதால் அனுமதி உண்டு என்று நினைத்துவிட வேண்டாம்.

இங்கேதான் உங்கள் உதவி வேண்டும். ஒவ்வொரு கழகமும் ஒரு தகரப் பெட்டி வாங்கி வையுங்கள். எவர்சில்வர் தட்டும் டம்ளரும் முப்பது முப்பது, கரண்டி முப்பது, பத்து லிட்டர் மூடிப் பாத்திரம் ஒன்று, குழாய் வைத்த தண்ணீர் டிரம், துணித்தோரணம் நாற்பது அடி, ஐந்து முதல் பத்து வரை எண் அட்டைகள், கயிறு, இரண்டு பந்து, விசில், முதலுதவிப் பை. ஒரு நோட்டில் எடுத்தவர் பெயர், எண்ணிக்கை, திருப்பிய நாள். முதலில் காணாமல் போவது கரண்டிதான், அதனால் எல்லாவற்றின் அடியிலும் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். முன்பணம் 200 ரூபாய் வாங்கினால் கழுவித் திருப்பும் பழக்கம் தானே வரும். நம்மூரில் இரண்டு மழையும் பெய்யும். ஈரத்தோடு மடித்து வைத்த தோரணம் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காய்ந்த பிறகே பெட்டிக்குள் போக வேண்டும். சாவி ஆசிரியரிடம் வேண்டாம், அவர்களுக்கு இருக்கிற வேலை போதும்.

இடமும் கொடுத்தால் பெரிய உதவி. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் மொட்டை மாடியில் மெழுகுவர்த்தி நிற்காது, ஷாமியானாவும் நிற்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாலை மழை. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட நிர்வாகத்திடம் பேசிப் பாருங்கள். பெஞ்சை ஓரம் தள்ளினால் பன்னிரண்டு பிள்ளைகள் விளையாடலாம்.

விளையாட்டுக்குப் பணம் வாங்கும் ஆள் தேவையில்லை. குலைகுலையா முந்திரிக்காவுக்கு ஒரு துண்டு போதும். நாற்காலிப் போட்டியில் தோற்றவரை வெளியே அனுப்பினால் முதல் இரண்டு பேர் அழுவார்கள். நாற்காலியை மட்டும் குறைத்து, மிச்சத்தில் எல்லாரும் நெருக்கி உட்காரச் சொல்லுங்கள், சிரித்தே களைத்துவிடுவார்கள். ஒன்று பத்து நிமிடத்துக்குமேல் போக வேண்டாம். வந்ததும் நாற்பது நிமிடம் விளையாட்டு, கை கழுவிப் பலகாரம், அதன் பிறகே கேக். கேக்கை முதலில் வெட்டினால் பலகாரம் அப்படியே மீந்துபோகும். “மாமா வந்துட்டிருக்காங்க” என்று காத்திருக்கவும் வேண்டாம், மாமா வரும்போது அவருக்கு ஒரு துண்டு எடுத்து வைத்தால் போதும்.

திரும்பும்போது கொடுக்கும் பொருள் ஆளுக்கு 30 ரூபாய்க்குள் இருக்கட்டும், எல்லாருக்கும் ஒரே மாதிரி. ஒரு நோட்டும் பென்சிலும், அல்லது ஒரு பொட்டலம் ஏத்தன் சிப்ஸ். வகுப்பில் நாற்பது பேருக்குச் சாக்லேட் கொடுப்பதற்குப் பதில் மூன்று நான்கு சீப்பு மட்டிப்பழம் கொடுக்கலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்ப் பழம், சின்னப் பிள்ளை கைக்கு ஏற்ற அளவு. அன்று எதுவும் கொண்டுவர முடியாத பிள்ளைக்கும் வகுப்பு பாட்டுப் பாட வேண்டும். இதை ஆசிரியர்களிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

இந்த மடலை ஜூன் கூட்டத்தில் வாசித்து, தொகையை உங்கள் ஊருக்கு ஏற்றபடி கூட்டியோ குறைத்தோ தீர்மானமாக எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கேக், பலகாரம், அலங்கார வேலை செய்யும் சிலர்
கன்னியாகுமரி மாவட்டம்

பி.கு.: பெட்டி வாங்கும்போது சக்கரம் வைத்ததாகப் பாருங்கள். முப்பது தட்டும் டம்ளரும் மற்றதும் சேர்ந்தால் பெட்டி நன்றாகக் கனக்கும்.