21 நாளை விரல் விட்டு எண்ணிய பெரியவருக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கே அயர்லாந்தில் நான் சப் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்த கட்டட வேலைக்கு மெயின் கான்ட்ராக்டர் தராமல் இழுத்தடித்த பணம், நேற்று மாலை வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. நான் கேட்ட முழுத் தொகை இல்லை, ஆனால் தீர்ப்பில் சொன்ன தொகை பைசா குறையாமல் வந்துவிட்டது. வேலை பார்த்த மூன்று பையன்களுக்கும் பாக்கிச் சம்பளத்தை இரவே அனுப்பிவிட்டேன். என்ன நடந்தது என்று நீங்கள் ஒவ்வொருவரும் பத்து முறை கேட்டாகிவிட்டது, மறுபடி சொல்லப்போவதில்லை. அந்த சைட் பெயரை இனி வீட்டில் எடுக்கக்கூடாது என்று மனைவி தடை போட்டிருக்கிறாள்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. தன் முறைக்கு வந்த சீட்டுப் பணத்தை எனக்கு விட்டுக்கொடுத்த லூக்கன் ஊர் அக்காவுக்கு. கைமாற்றாகக் கொடுத்துவிட்டு இன்றுவரை ‘எப்போ?’ என்று கேட்காத இரண்டு நண்பர்களுக்கு. வேனை விற்றபிறகு காலை ஆறு மணிக்கு வாசலில் வந்து நின்று என்னை ஏற்றிப்போன திருச்சித் தம்பிக்கு. ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் எங்கள் காரில் சாப்பாட்டு டப்பா வைத்துவிட்டுப் போனவர்களுக்கு (புளியோதரை யாருடையது என்று இன்னும் தெரியவில்லை, டப்பா எங்களிடம்தான் இருக்கிறது). தனித்தனியாக எழுதினால் யாரையாவது விட்டுவிடுவேன், அப்புறம் அது ஒரு வம்பு.

நிதானமாகச் சொல்ல வேண்டியது எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியவரைப் பற்றி. ஐரிஷ்காரர், தமிழ் தெரியாது, இதை அவர் படிக்கப்போவதில்லை. அதனால்தான் கூச்சமில்லாமல் எழுத வருகிறது.

பத்து வருடமாக நாங்கள் மழையைத் தவிர வேறு எதையும் பேசியதில்லை. பிப்ரவரியில் ஒரு ராத்திரி குப்பைத்தொட்டியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தபோது, உன் வேன் எங்கே என்று கேட்டார். விற்றுவிட்டேன் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. ‘மெயின் கான்ட்ராக்டரா?’ என்றார். தலையாட்டினேன். வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டுப் போனவர், கால் மணி நேரத்தில் ஒரு பிரெட் பையோடு வந்தார். உள்ளே பிரெட் இல்லை. ஓரம் மடங்கிப் பழுத்துப்போன தாள்கள், அறுபது எழுபது இருக்கும்.

வாழ்நாள் முழுக்கப் பூச்சு வேலை செய்தவர். 2008இல் இந்த நாட்டில் கட்டடத் தொழில் படுத்தபோது மேலே இருந்த கம்பெனி மூழ்கியது, கூடவே இவர் உழைப்பும் போனது. அந்தக் காலத்து ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்குமாம்: மேலிருந்து எனக்கு வந்தால்தான் உனக்கு. நம் ஊரில் வாய்வார்த்தையாக நடக்கிற அதே கதையை இங்கே அச்சடித்துக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள்.

அந்தத் தாள்கள் ஷானட் விவாதங்கள். அயர்லாந்தின் மேலவைக்கு ஷானட் என்று பெயர், அறுபது உறுப்பினர்கள். அதில் ஃபெர்கல் குவின் என்ற செனட்டர் 2010இல், அரசாங்கம் கொண்டுவராத ஒரு மசோதாவைத் தனிநபராகக் கொண்டுவந்தார். சப் கான்ட்ராக்டருக்கு வேலை முடித்த பணம் காலத்தில் கிடைக்க வேண்டும் என்பதற்கான மசோதா. இங்கே வயதானவர்களிடம் அவர் பெயரைச் சொன்னால் முதலில் சூப்பர்குவின் சாசேஜைப் பற்றித்தான் பேசுவார்கள். 1960இல் டண்டாக் ஊரில் ஒரு கடையில் ஆரம்பித்து சூப்பர்குவின் என்ற பெயரில் வரிசையாகக் கடைகள் நடத்திய மளிகைக்காரர் அவர். கட்டடக்காரர் இல்லை. பாக்கி என்றால் என்னவென்று மளிகைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டாம் போலிருக்கிறது.

பெரியவர் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பில் கொடுத்த தேதி என்ன என்று கேட்டார். ஜனவரி 6. சுவரில் இருந்த தமிழ்க் காலண்டரை இறக்கச் சொன்னார். ராகு காலம், எமகண்டம் எல்லாம் பொடி எழுத்தில் அடைத்திருந்த அந்த ஜனவரித் தாளில், காரை வெடித்த ஆள்காட்டி விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக எண்ண ஆரம்பித்தார். பாதி வழியில் விரல் நின்றது. இந்த மாடு எதற்கு என்றார். மாட்டுப் பொங்கல் என்று மனைவி விளக்கினாள். மாட்டுக்கே நன்றி சொல்கிறீர்களா, நல்லது என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். 27ஆம் தேதியில் பென்சிலால் ஒரு வட்டம். அந்த மசோதா இப்போது சட்டம், அதன்படி பில்லை ஏற்கவில்லை என்றால் 21 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், ஏதாவது வந்ததா என்று கேட்டார். ஒன்றும் வரவில்லை. நான் கூப்பிட்டால் போனை எடுக்காமல் இருந்தது மட்டும்தான் பதில்.

அவ்வளவுதான் அவர் செய்தது. ஒரு கோப்பை டீ, நாற்பது நிமிஷம். ஆனால் அதுவரை நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ‘சார், கொஞ்சம் பாருங்க சார்’ என்கிற குரலில்தான் எல்லா மெயிலும் போயிருந்தது. அந்தப் பென்சில் வட்டத்தைப் பார்த்த பிறகுதான் என் பணத்தைத்தான் கேட்கிறேன் என்பது உறைத்தது. மறுநாள் நோட்டீஸ் எழுதினேன். விவகாரம் தீர்ப்பாளர் கைக்குப் போனபின் 28 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். ‘மேலிருந்து இன்னும் வரவில்லை’ என்று அங்கேயும் சொல்லிப் பார்த்தார்கள். அந்தச் சாக்கு இப்போது செல்லாது.

குறையே இல்லாத சட்டம் என்று சொல்லமாட்டேன். 10,000 யூரோவுக்குக் குறைந்த ஒப்பந்தத்தை இது தொடாது. ஒற்றை ஆளாக டைல்ஸ் ஒட்டுகிறவர், பெயின்ட் அடிக்கிறவர் பலருக்கு வேலையே அதற்குள்தான், அவர்கள் எங்கே போவார்கள்? 2013 ஜூலையில் சட்டமான பிறகும் மூன்று வருடம் கிடப்பில் இருந்து, 2016 ஜூலை 25க்குப் பிறகான ஒப்பந்தங்களுக்குத்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த வருடம் ஏப்ரலில் நடந்த ஷானட் தேர்தலோடு ஃபெர்கல் குவின் ஷானட்டை விட்டே போய்விட்டார். 23 வருடம் அங்கே இருந்தவர். 2019இல் காலமானார்.

இங்கே என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2013 அக்டோபரில் ஷானட்டை ஒழித்துவிடலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம், இருக்கட்டும் என்றவர்கள் 51.7 சதவீதம்தான். எனக்கு அப்போது குடியுரிமை இல்லை, ஓட்டும் இல்லை, ஆனால் வாய் இருந்ததே. ‘வெட்டிச் சபை, மூடித் தொலைக்கட்டும்’ என்று உங்களில் பலரிடம் பிரசங்கம் செய்திருக்கிறேன். ஃபெர்கல் குவின் ஜெயித்து வந்தது அயர்லாந்து தேசியப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் மட்டும் ஓட்டுப் போடும் தொகுதியில். நானோ பெரியவரோ அவருக்கு ஓட்டுப் போட்டிருக்கவே முடியாது. அது சரியான ஏற்பாடு என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் எங்கள் பில்லைப் பற்றி அங்கே உட்கார்ந்து கவலைப்பட்டவர் அவர்தான்.

இன்னொன்று, இது எனக்கே போன வாரம்தான் தெரியும். மேஜையில் கிடந்த தாள்களைப் புரட்டிய என் மூத்த மகன், ‘அப்பா, இந்த ஆள்தான் எங்க எல்.சி.ஏ. கமிட்டிக்குத் தலைவரா இருந்தவர்’ என்றான். இங்கத்துப் பள்ளி இறுதித் தேர்வான லீவிங் செர்ட்டின் செய்முறை வடிவம்தான் எல்.சி.ஏ. அவன் அதை எடுத்ததற்காக இரண்டு வருடம் முன் வீட்டில் நடந்த ரகளை உங்களுக்குத் தெரியும். லீவிங் செர்ட் என்றால் 625 புள்ளி, அப்புறம் டாக்டர் அல்லது என்ஜினியர், இவ்வளவுதான் நமக்குத் தெரிந்த கணக்கு. கடைசிப் பரீட்சையில் எல்லாவற்றையும் கொட்டாமல், இரண்டு வருடத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, செயல்திட்டம், வேலை அனுபவம், வருகை என்று கொஞ்சம் கொஞ்சமாக 200 கிரெடிட் வரை சேர்க்கிற அந்தப் படிப்பை நான் ‘மக்குப் பசங்க படிப்பு’ என்றேன். நேரே பல்கலைக்கழகம் போகமுடியாது என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. 1990களில் அதை உருவாக்கிய வழிகாட்டுக் குழுவுக்கு அந்த மளிகைக்காரர்தான் தலைவர். பரீட்சை என்றால் வாந்தி எடுத்த பையன், 90 சதவீத வருகை வேண்டும் என்பதற்காகக் காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போனான். வேலை அனுபவத்துக்கு ஒரு ஹோட்டல் சமையலறைக்குப் போய் வந்து, அம்மாவின் வெங்காயம் நறுக்கும் முறையைத் திருத்துகிறான். அவளுக்குக் கோபம், எனக்குச் சிரிப்பு.

அவனிடம் இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இங்கே எழுதியாகிவிட்டது, இனி தப்பிக்க முடியாது.

என்னிடம் வேலை எடுக்கிற யாரும், தொகை ஐந்நூறு யூரோவாக இருந்தாலும், 30 நாளுக்கு மேல் காத்திருக்கமாட்டார்கள். எனக்கு வந்தாலும் வராவிட்டாலும். தவறினால் இந்த மடலை நீட்டிக் கேளுங்கள்.

நேற்று ராத்திரி பெரியவர் வீட்டுக்கு வடையோடு போனேன். வடையை வாங்கிக்கொண்டார். தாள்களை வாங்கவில்லை. பிளான்சர்ட்ஸ்டவுனில் ஒரு பிளம்பருக்கு ஐந்து மாதமாகப் பணம் வரவில்லையாம், அவரிடம் கொடுத்துவிடச் சொன்னார். சனிக்கிழமை போகிறேன். 40ஆம் பக்கத்தில் சாம்பார் சிந்தியிருக்கிறது, பென்சில் கோடு மட்டும் தெளிவாகத் தெரிகிறது.