படத்துக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு

வணக்கம்.

ஓவியக் காட்சி ஒன்றில் இத்தாலிய ஓவியர் ஜோர்ஜோ டி கிரிகோ 1914இல் வரைந்த 'ஒரு தெருவின் மர்மமும் சோகமும்' படத்தின் அச்சுப் பிரதியைப் பார்த்தேன். பக்கத்தில் உங்கள் அட்டை: சிறுமி என்றால் கள்ளமின்மை, நிழல் என்றால் மரணம், வண்டி என்றால் வாழ்க்கைப் பயணம். வந்தவர்கள் அட்டையைப் படித்தார்கள், தலையாட்டினார்கள், அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். விடை கையில் இருக்கும்போது கணக்கை யார் போட்டுப் பார்ப்பார்கள்?

நான் கொஞ்ச நேரம் நின்றேன். இடப்பக்கம் வரிசை வரிசையாக வளைவுகள் கொண்ட வெள்ளைக் கட்டடம், வெயிலில் கண்ணைக் கூசுகிறது. வலப்பக்கம் இருட்டில் இன்னொரு கட்டடம். அதன் முன்னால் கதவு திறந்த வெற்று வண்டி. வளையத்தை உருட்டிக்கொண்டு ஒரு சிறுமி ஓடுகிறாள்; அவளே நிழல் மாதிரிதான் தெரிகிறாள். அவள் ஓடும் திசையில் ஒரு நீண்ட நிழல் தரையில் கிடக்கிறது. நிழலுக்குரிய ஆளோ சிலையோ கட்டடத்துக்குப் பின்னால்.

இதில் எதுவுமே பயங்கரம் இல்லை. பிறகு ஏன் வயிற்றைப் பிசைகிறது? கட்டடங்களின் விளிம்புக் கோடுகளை விரலால் நீட்டிப் பாருங்கள். நிஜத் தெருவில் அவை தூரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். இங்கே இரண்டும் வேறு வேறு புள்ளிக்குப் போகின்றன. வண்டியோ இரண்டுக்கும் கட்டுப்படாமல் தன் போக்கில் நிற்கிறது. அதனால் சிறுமிக்கும் நிழலுக்கும் நடுவே பத்தடியா, நூறடியா என்று நம் கண்ணால் கணக்குப் போட முடியவில்லை. கலக்கம் அங்கேதான் பிறக்கிறது. நிழலுக்கு 'மரணம்' என்று பெயர் சூட்டியதும் அந்தக் கலக்கம் போய்விடுகிறது. பெயர் தெரிந்த பயம் பாதி பயம்தானே.

குறியீடே இல்லை என்று சொல்ல வரவில்லை. கிரிகோவின் தந்தை ரயில் பாதை போடும் பொறியாளர், 1905இல் இறந்துபோனார். மகனின் படங்களில் ரயில் திரும்பத் திரும்ப வருகிறது. அதைப் பொதுவாக 'பயணம்' என்று எழுதினால் அந்த அப்பா எங்கே போவார்? 1910இல் ஃபுளோரன்ஸ் நகரின் சாந்தா க்ரோச்சே சதுக்கத்தில், குடல் நோயிலிருந்து தேறிவந்த நிலையில் கிரிகோ உட்கார்ந்திருந்தார். சுற்றியிருந்த கட்டடங்களின் பளிங்குகூட நோயிலிருந்து எழுந்து வருவதுபோல் தோன்றியதாக எழுதியிருக்கிறார். காய்ச்சல் விட்ட மறுநாள் வாசலில் போய் நின்றவர்களுக்கு அந்த வெளிச்சம் தெரியும். இந்தச் செய்தி உங்கள் அட்டையில் இருந்திருக்கலாம்.

அப்புறம், ஒரு சின்னத் திருத்தம். இதைச் சர்ரியலிச ஓவியம், அதாவது கனவையும் ஆழ்மனத்தையும் வரைந்த இயக்கத்தின் ஓவியம் என்று போட்டிருந்தீர்கள். அந்த இயக்கத்தின் அறிக்கை வந்ததே 1924இல்தான். அவர்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள்.

சரி, அட்டையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஓவியர் பெயர், ஆண்டு, அந்தச் சதுக்கத்துக் கதை, அதோடு "கட்டடக் கோடுகள் எங்கே போய்ச் சேருகின்றன என்று பாருங்கள்" என்று ஒரு வரி. முடிந்தால் படத்திலிருந்து நாலடி தள்ளி ஒட்டுங்கள்.

அன்புடன்,
ஒரு பார்வையாளர்