மொய் நோட்டில் ஆடிய கை

காவேரிப்பட்டணம்,
ஆடி 6

அன்புள்ள மாப்ளே,

நேற்று போனில் நான் கத்தியதில் பாதிதான் உன் காதில் விழுந்திருக்கும். அதனால் நிதானமாக எழுதுகிறேன். உன் மகள் பாப்பாவுக்கு ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். ரொம்பக் குறைவாக, 0.02 என்று வந்திருக்கிறது. அதைப் பார்த்த மருந்துக்கடைக்காரர் "தைராய்டு கம்மி" என்று தைராக்சின், அதாவது தைராய்டு ஹார்மோன் மாத்திரையையே கொடுத்துவிட்டார். நல்லவேளை, அவள் இன்னும் போட ஆரம்பிக்கவில்லை. போடவே வேண்டாம். டி.எஸ்.எச். குறைந்தால் பெரும்பாலும் தைராய்டு கூடியிருக்கிறது என்றுதான் அர்த்தம். எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற வேலை அது.

எனக்கும் முதலில் இது தலைகீழாகத்தான் பட்டது. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியில் இருந்து வருவது இல்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, "சுர, சுர" என்று கழுத்துச் சுரப்பிக்கு அனுப்பும் கட்டளை. டேங்க் நிரம்பினால் நாம் மோட்டாரை நிறுத்துகிறோம் இல்லையா, அதுபோல ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் நிறைந்தால் பிட்யூட்டரி கட்டளையை நிறுத்திவிடும். என் விஷயத்தில் மோட்டாரை நிறுத்திய பிறகும் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஒரு கள்ளச் சாவியைச் செய்து மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்ததாம். அதற்கு கிரேவ்ஸ் நோய் என்று பெயர். 1835-இல் அதை விவரித்து எழுதிய அயர்லாந்து டாக்டரின் பெயர்தான் அது.

போன மார்கழியில் இங்கே பனி கொட்டும்போது நான் மின்விசிறிக்கு அடியில் சட்டையில்லாமல் படுத்திருந்தேன். உன் தங்கச்சி இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு என்னைத் திட்டினாள். மூன்று உருண்டை களி தின்றும் 79 கிலோ 66-க்கு இறங்கிவிட்டது. ஊரில் எல்லோரும் சுகர் என்றார்கள். சுகர் பார்த்தால் இல்லை. நெஞ்சு ராத்திரியெல்லாம் அடித்துக்கொள்ளும், தூக்கம் வராது. யாராவது ஒரு வார்த்தை சொன்னால் சண்டைக்குப் போவேன். பையனை அநியாயமாகத் திட்டியதெல்லாம் இப்போது நினைத்தாலும் சங்கடமாக இருக்கிறது.

முதலில் காட்டிக்கொடுத்தது கைதான். மாங்கன்றில் ஒட்டுக்கட்டும்போது கத்தி நேராக இறங்கவில்லை. பெங்களூரா ஒட்டு வரிசையாகப் பட்டுப்போனது. தை மாதம் ஒரு கல்யாணத்தில் வழக்கம்போல மொய் எழுத உட்கார்ந்தேன். ஐந்நூற்றொன்று என்று எழுதினால் கோழி கிளறிய மாதிரி இருந்தது. பக்கத்தில் பணம் வாங்கிக்கொண்டிருந்தவர் மெதுவாகக் குனிந்து என் வாயை மோந்து பார்த்தார். நோட்டை மூடி அவரிடமே கொடுத்துவிட்டு, பந்திக்குக்கூட நிற்காமல் வந்துவிட்டேன். அடுத்த வாரம்தான் டாக்டரிடம் போனேன்.

சரி, பாப்பா விஷயம். தலைமுடி கொட்டுகிறது என்று மாத்திரை சாப்பிடுகிறாள் என்றாயே, அதில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கிறதா என்று பார். பயோட்டின் சில ஆய்வுக்கூட முறைகளைக் குழப்பி, ஒன்றும் இல்லாதவருக்கும் டி.எஸ்.எச். குறைவாகக் காட்டிவிடும். டாக்டரிடம் சொல்லி, குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு மறுபடி பரிசோதிக்கட்டும். டி.எஸ்.எச். மட்டும் போதாது, தைராய்டு ஹார்மோனையே அளக்கும் ஃப்ரீ டி4, டி3 இரண்டும் வேண்டும். இன்னொன்று, கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று அவள் அம்மாவைக் கேட்கச் சொல். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் இயல்பாகவே டி.எஸ்.எச். இறங்கும். சிலருக்குச் சுரப்பி வீங்கி, சேர்த்துவைத்த ஹார்மோன் கசிந்து, சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடுவதும் உண்டு. எது என்று தெரியாமல் மருந்து தொடங்க மாட்டார்கள்.

நிஜமாகவே கூடுதல்தான் என்றால், குழந்தைக்குத் திட்டமிடுகிறார்கள் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். தைராய்டு சுரப்பதைக் குறைக்க நான் சாப்பிடும் கார்பிமசோல் கருவைப் பாதிக்கக்கூடும். முதல் மூன்று மாதத்துக்கு வேறு மாத்திரை வைத்திருக்கிறார்கள். சுரப்பியை அடக்கக் கதிரியக்க அயோடின் கொடுத்தால் அதன்பின் ஆறு மாதமாவது கர்ப்பம் தள்ளிப்போட வேண்டும். பயந்துபோய்த் தானாக மாத்திரையை நிறுத்துவதும் தப்பு. வைத்தியம் பார்க்காத தைராய்டு தாய், பிள்ளை இருவருக்கும் ஆபத்து.

எனக்கு கார்பிமசோல் வேலை செய்ய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. புதிதாகச் சுரப்பதைத்தான் மாத்திரை தடுக்கும், ஏற்கெனவே சேர்ந்திருப்பது தீர வேண்டுமே. அதுவரை படபடப்புக்கு ப்ரோப்ரனலால் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா என்று கேட்டுவிட்டுத்தான். மொத்தம் ஒன்று, ஒன்றரை வருடம் சாப்பிட வேண்டுமாம். நிறுத்தினால் திரும்ப வரவும் வாய்ப்பு உண்டு. வந்தால் கதிரியக்க அயோடின் அல்லது அறுவை சிகிச்சை. இரண்டுக்கும் பிறகு பெரும்பாலும் ஆயுளுக்கும் தைராக்சின்தான்.

ஒன்றை மட்டும் பாப்பாவின் வீட்டுச் சுவரிலேயே எழுதி ஒட்டச் சொல்வேன். கார்பிமசோல் மாதிரி மாத்திரை சாப்பிடும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்தத்தில் வெள்ளை அணுக்களைப் பார்க்க வேண்டும். அபூர்வமாகச் சிலருக்கு அவை அடியோடு இறங்கிவிடும். எனக்கு வைகாசியில், மாங்காய் லோடு ஏற்றும் நாளில் தொண்டை வலித்தது. லாரியை அப்படியே விட்டுவிட்டு தர்மபுரி மெடிக்கல் காலேஜுக்கு பஸ் ஏறினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது, வெறும் சளி. லாரிக்காரர் திட்டியதுதான் மிச்சம்.

ஊர் வைத்தியர்கள் சும்மா இருப்பார்களா! கோஸ் தின்னு, அயோடின் உப்பை நிறுத்து, கல் உப்புக்கு மாறு என்றார்கள். வீட்டு உப்பு போதும், அயோடின் கலந்த சிரப், கடல்பாசி மாத்திரை மாதிரி வேண்டாம் என்றார் டாக்டர். ஒரு பெரியவர் நம் பழைய ஃப்ளோரைடு தண்ணீரைக் குற்றம் சொன்னார். அந்தத் தண்ணீர் நம் இருவர் பல்லையும் காவி ஆக்கியது வாஸ்தவம்தான், ஆனால் என் தைராய்டுக்கு அது காரணம் இல்லை. ஒகேனக்கல் தண்ணீர் குடித்து வளரும் என் பேரன் பல் முத்து மாதிரி இருக்கிறது.

பீடியை விட்டுவிட்டேன், நம்புவாயா? புகை பிடித்தால் இந்த நோயில் கண் பிதுங்குவது அதிகமாகும் என்றார்கள். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்த ஆரம்பித்திருந்தது. மறுநாளே கட்டைத் தூக்கிப் போட்டேன். நீயும் பாப்பா இருக்கும் வீட்டுக்குள் சிகரெட் பிடிக்காதே.

ரிப்போர்ட் வந்ததும் எண்களை எனக்கும் அனுப்பு. இப்போது நான் 74 கிலோ. இந்தக் கையெழுத்தைப் பார், கோடு போடாத தாளில் நேராக வருகிறதா இல்லையா? ஆவணியில் பங்காளி வீட்டுக் கல்யாணம். மொய் நோட்டு எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். நீ வந்தால் உன் பேரை முதல் பக்கத்தில் எழுதுகிறேன், ஆயிரத்தொன்றுக்குக் குறையக் கூடாது.

இப்படிக்கு,
ஹாஸ்டலில் நீ பேர் வைத்த
தடியன்