குட்டான் விற்கப் போன மெயில்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மகளுக்குக் காய்ச்சல் மாறியது நிம்மதி. இங்கே சித்திரை வெயில் கொளுத்துகிறது, கிணற்றில் வாளி அடியில் முட்டுகிறது.

சரி, நீ கேட்ட விஷயம். முன்பின் தெரியாத கடைக்காரருக்கு மெயில் போட்டுச் சாமான் விற்கலாமா? விற்கலாம். ஆனால் பனையோலைக் குட்டானில் அடைத்த பனங்கட்டியை விற்க நான் தொடங்கிய மாதிரித் தொடங்காதே.

ரொறன்ரோ, லண்டன் கடைகள் என்று 150 முகவரி சேர்த்து, ஒரே மெயிலை ஒரே நாளில் எல்லாருக்கும் அனுப்பினேன். "தரமான பனம்பொருள் உற்பத்தியில் முன்னணி" என்று ஒரு பக்கப் புளுகு, கூடவே விலைப்பட்டியல். ஒரு பதிலும் இல்லை. தங்கைச்சியின் மகன்தான் கண்டுபிடித்தான்: "மாமா, உங்கட மெயில் என்ர ஸ்பாமுக்குள்ள கிடக்கு." எங்கள் டொமைனுக்கு, அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருகிற பெயருக்கு, எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற பதிவுகள் ஒன்றும் போட்டிருக்கவில்லை. மெயில் எங்களிடமிருந்துதான் போகிறது என்பதற்கு அவைதான் அடையாள அட்டை. 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கண்டிப்பு. பெடியன் ஒரு பின்னேரத்தில் சரிக்கட்டித் தந்தான்.

பிறகு ஒரு நாளைக்கு இரண்டு கடை, அவ்வளவுதான். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கடையின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாமான் அடுக்கும் தட்டில் வறுத்த பயறு இருக்கிறது, அரிசிமா இருக்கிறது, பனங்கட்டியைக் காணவில்லை. அப்போது வைகாசி. தலைப்பில் "ஆடிப்பிறப்புக்குப் பனங்கட்டி" என்று மட்டும் போட்டேன். உள்ளே: "உங்கள் தட்டில் ஆடிக்கூழுக்குப் பயறும் மாவும் கண்டேன். பனங்கட்டி எங்களிடம் இருக்கிறது, ஓலைக் குட்டானில். மாதிரிக்கு இரண்டு அனுப்பட்டுமா?" இரவு ஏழரைக்கு அனுப்பினேன், அங்கே காலை பத்து. மறுநாள் பதில்: "விலை என்ன?" அந்த இரண்டு சொல்லை மனைவிக்கு எத்தனை தரம் வாசித்துக் காட்டினேன் என்று கேளாதே.

பதில் போடாதவர்களுக்கு ஐந்தாறு நாளில் இன்னொன்று போடு. "என் மெயில் கிடைத்ததா" என்று கேட்டால் கடன்காரன் கதவு தட்டுவது மாதிரி. நான் புதிதாகக் காய்ச்சிய பனங்கட்டியின் படம் ஒன்று அனுப்பினேன். அதற்கும் அசையாவிட்டால் விட்டுவிடு.

முகவரிப் பட்டியல் விற்கிறவர்களிடம் மட்டும் போகாதே. கனடாவில் 2014 ஜூலையிலிருந்து சட்டம் இருக்கிறது, சம்மதமில்லாமல் வியாபார மெயில் அனுப்பக்கூடாது. ஆனால் கடையே தன் தளத்தில் முகவரியைப் போட்டு, விளம்பரம் வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தால், அவர்கள் தொழிலோடு சேர்ந்த விஷயத்தை எழுதலாம். உன் பெயர், தபால் முகவரி, "வேண்டாம் என்றால் சொல்லுங்கள், நிறுத்துகிறேன்" என்ற வரி மூன்றும் இருக்கவேண்டும். ஒருவர் அப்படிச் சொன்னார், அன்றைக்கே பெயரை வெட்டிவிட்டேன்.

உன் கைத்தறிச் சாரத்துக்கு முதல் மெயிலை எழுதி எனக்கு அனுப்பு. "பாரம்பரியமிக்க" என்று எங்கேயாவது கண்டால் சிவப்பு மையால் கீறுவேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது மட்டக்களப்பு எருமைத் தயிர் ஒரு முட்டி கொண்டு வா, குட்டான் நான் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்